சும்மா வரிசைக்கு இரண்டு கரண்டி

மார்ச் 3

சின்னவளுக்கு உன் அண்ணி எழுதுவது.

நேற்று உன் ஆய்வகத்தில் இருந்தவர்கள்: நீ, நான், உன் அண்ணன், குடுவை கழுவுகிற பெரியவர், கதவருகே வந்து எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போன உங்கள் தலைவர். ஆக ஐந்து பேர். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உன் அண்ணன் பக்கத்து வீட்டில், "பத்துப் பதினைஞ்சு விஞ்ஞானிங்க கை கட்டி நின்னு எங்க தங்கச்சி சொல்றதைக் கேட்டாங்க" என்று அளந்துகொண்டிருந்தார். கணக்கு என்றால் கணக்காக இருக்க வேண்டும். நின்று கேட்டது நானும் அவரும்தான். பெரியவர் குழாயடியை விட்டு நகரவே இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர் அளந்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நீ நடந்து வந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே கல்யாணத்துக்குப் பிறகு உன் பழைய பாடப் புத்தகங்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் எல்லாம் பூனை படம் வரைந்து வைத்திருந்த பெண்ணா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ இந்த வேலைக்குப் போன அன்று நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். "மீனைச் சாகடிச்சுப் பாக்கறது ஒரு வேலையா?" என்று கேட்டேன். நீ ஆறு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. இன்றைக்கும் எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. ஆண்டவன் படைத்த உயிர், அவ்வளவுதான். ஆனால் நேற்று நீ விளக்கியது எனக்குப் புரிந்தது. ஆலைக் குழாய்களில் பாசி பிடிக்காமல் இருக்க ஏதோ மருந்து கலக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஆற்றில் போய் விழுகிறது. அதில் எவ்வளவு இருந்தால் ஆற்றில் உள்ளது பிழைக்கும், எவ்வளவு இருந்தால் சாகும் என்று யாராவது முன்னாலேயே பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு முழுக்கச் சாகும். சரி.

நான் பெரிய மீன்களைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துத்தான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தேன். நீ காட்டியதோ வரிசை வரிசையாகக் குடுவைகளில் வெறும் தண்ணீர்.

"இதுல என்னடி இருக்கு?" என்றேன்.

"குனிஞ்சு பாருங்க அண்ணி. நீர்த்தெள்ளு, மீனுக்கு முன்னாடி இதுங்களை வச்சுத்தான் பாப்போம். நேத்துப் பொறந்ததுங்க."

எள்ளைப் பாதியாக உடைத்தது போல. ஒரு குதி, ஒரு இறக்கம், மறுபடி ஒரு குதி. அதற்கு ஒரு கண் வேறு!

"எல்லாமே பொண்ணுங்க. அம்மாவுக்குப் பொண்ணு, பொண்ணுக்குப் பொண்ணு. நல்லா வச்சிருந்தா ஆம்பளையே தேவையில்ல" என்று நீ சொன்னாய். "அப்ப குடும்பத்தை யாரு பாத்துக்கறது?" என்று உன் அண்ணன் கேட்டார். "இப்ப மட்டும் யாரு பாத்துக்கறாங்களாம்?" என்று நான் கேட்டதும் குழாயடியில் பெரியவர் சிரித்த சிரிப்பில் ஒரு குடுவை உடையப் பார்த்தது.

கடைசி வரிசையைப் பற்றி நீ சொன்னதுதான் என் மனதில் நின்றது. மருந்தே கலக்காமல் ஏன் நான்கு குடுவை சும்மா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "இந்தச் சும்மா வரிசைதான் அண்ணி எனக்கு உயிர். இதுல இருக்கறதுங்க பொழைச்சுக் காட்டினாத்தான், மத்ததுங்க மருந்தாலதான் செத்துதுன்னு நான் சொல்ல முடியும். இதுங்க செத்தா என் பேச்சு எடுபடாது" என்றாய். பிறகு போன் வந்து நீ வெளியே போனாய்.

நான் என் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். என்ன என்று கேட்காதே. சும்மா வரிசையைப் பற்றி இனி உனக்குக் கவலை வேண்டாம்.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டேன். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

சும்மா வரிசை முழுக்கச் செத்துவிட்டது. நான்கு குடுவையிலும். குடுவையை மெல்லச் சுழற்றிவிட்டுக் காத்திருந்து பார்ப்போம். உயிர் இருந்தால் நீந்தும். ஒன்றுகூட நீந்தவில்லை. அடியில் தூசி மாதிரிக் கிடந்தன. மருந்து குறைவாகக் கலந்த வரிசையில் இருந்ததுகள் பிழைத்திருக்கின்றன. மருந்தே இல்லாத வரிசை செத்திருக்கிறது. இப்படி ஒரு கூத்து இந்த ஆய்வகத்தில் நடந்ததே இல்லையாம்.

ஆலையின் பொறியாளர் மறுநாளே வந்துவிட்டார். கோட்டுக்காரர் என்று சொல்வேனே, அவர்தான். "வெறும் தண்ணியிலேயே செத்துப்போகுது, அப்புறம் எங்க மருந்து மேல என்ன பழி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் கையில் இந்தச் சோதனை இருக்கக்கூடாது என்று எழுதியும் கொடுத்திருக்கிறார். தலைவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. இந்தப் பொறுப்புக்கு வர நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

என்னைவிடப் பெரியவர் நிலைமை மோசம். குடுவையில் சோப்பு தங்கியிருக்கும் என்று அவர் மேல் பழி விழுந்து, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு குடுவையை எத்தனை தடவை அலசுவார் என்று எனக்குத் தெரியும். "நான் நல்லாத்தான் கழுவினேன் பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சோப்பு இல்லை. செம்பு இருக்கிறது. அந்த நான்கு குடுவையில் மட்டும். இங்கே செம்பில் ஒரு கம்பிகூட நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.

அண்ணி, அன்று உங்கள் பையில் பிரார்த்தனை மாடத்துச் செம்பு இருந்தது. எடுத்துக்கொண்டுதான் வந்தீர்கள், நான் பார்த்தேன். "செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

என்ன செய்தீர்கள்?

சின்னவள்


மார்ச் 13

சின்னவளுக்கு,

ஊற்றினேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

குடுவைக்கு இரண்டு கரண்டி, நான்கு குடுவைக்கும் சமமாக. ஒன்றுக்குக் கூட்டி ஒன்றுக்குக் குறைக்கவில்லை. நீ வெளியே போயிருந்தாய், உன் அண்ணன் ஜன்னலில் வேடிக்கை பார்த்தார், பெரியவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். மருந்து வரிசைப் பக்கம் நான் போகவே இல்லை. அதில் கை வைத்தால் உன் கணக்கு கெடும் என்ற அறிவு எனக்கு உண்டு. பிழைக்க வேண்டியது எது என்று நீ சொன்னாயோ அதற்குத்தான் ஊற்றினேன். "இந்தப் பொண்ணு உழைப்பு வீண் போகக்கூடாது, இதுங்களைக் காப்பாத்து ஆண்டவனே" என்று சொல்லி ஊற்றினேன்.

அந்தச் செம்பை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, நாலு நாள் மாடத்தில் வைத்துப் பிரார்த்தனை செய்திருந்தேன். இந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தத் தண்ணீர்தான். உனக்கு எத்தனை தடவை கொடுத்திருப்பேன்! குடித்துவிட்டுத்தானே பரீட்சைக்குப் போவாய்? அன்றைக்கு இனித்தது, இன்றைக்கு விஷமா?

நாத்தனார் என்றால் நாத்தனார்தான். குடுவை குடுவையாக உயிரை வாங்குகிறவள் நீ. என்னைப் பார்த்து "என்ன செய்தீர்கள்" என்று ஒற்றை வரியில் கேட்கிறாய், ஏதோ போலீஸ் கேட்கிற மாதிரி.

பெரியவர் விஷயம்தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று உடனே சொல்லிவிடு.

ஆனால் என் தண்ணீர் கொன்றது என்று நான் இப்போதே ஒப்புக்கொள்ளமாட்டேன். நீதான் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவளாயிற்றே, சோதித்துப் பார். உன் அண்ணன் நாளை வருகிறார். செம்பில் நாலு நாள் வைத்துப் பிரார்த்தனை செய்த தண்ணீர் ஒன்று. அதே கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிச் சீசாவில் பக்கத்திலேயே வைத்து, அதே பிரார்த்தனை செய்தது ஒன்று. பிரார்த்தனையே செய்யாமல் அடுப்படியில் சீசாவில் வைத்த தண்ணீர் ஒன்று. சும்மா வரிசை இல்லாமல் சோதனை செல்லாது என்று நீதானே சொன்னாய், அதற்கு அது.

கொன்றது செம்பா, சாமியா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அண்ணி


மார்ச் 18

அண்ணிக்கு,

முதலில் மன்னிப்பு. அந்த ஒற்றை வரியை நான் எழுதியிருக்கக்கூடாது. பயத்தில் எழுதினேன்.

அண்ணன் செம்பை மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் வந்திருக்கிறார். கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. "உங்க அண்ணி ஒரு சொட்டுகூடச் சிந்தக்கூடாதுன்னாங்க, நான் வழியெல்லாம் மூச்சு விடாம வந்தேன்" என்றார். வாசலில் காவலாளி அவரை ஒரு மாதிரி பார்த்தாராம்.

உங்கள் மூன்று தண்ணீரையும் அப்படியே எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன். எது எது என்று எனக்கே தெரியக்கூடாது என்பதால் அவரே எண் ஒட்டினார். குடுவைக்கு இரண்டு கரண்டி, நீங்கள் ஊற்றிய அதே அளவு. எண்ணியதும் அவர்தான்.

செம்புத் தண்ணீர் ஊற்றியவை மறுநாளே அசையவில்லை. பிரார்த்தனை செய்த சீசாத் தண்ணீரில் எல்லாம் உயிரோடு குதிக்கின்றன.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: கொன்றது செம்பு. எலுமிச்சை போட்டுப் பளபளவென்று தேய்த்த செம்பு நாள் கணக்கில் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அந்த அளவு நமக்கு ஒன்றும் செய்யாது, குடித்து வளர்ந்தவள் நானே இருக்கிறேன். இதுகளுக்கோ உடம்பே எள்ளில் பாதி. நமக்குத் தூசி என்பது அதற்கு மலை. நாங்கள் ஆலைக்காரர்களிடம் தினமும் சொல்லித் தொண்டை வற்றுவதும் இதைத்தான்: மனிதனுக்கு ஒன்றும் ஆகாது என்பது ஆற்றுக்குப் பதில் ஆகாது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். பிரார்த்தனை செய்யாத அடுப்படித் தண்ணீரிலும் எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன.

இனி மற்றது. தலைவர் சொன்னார்: "செம்பு கொல்லும்னு காட்டிட்டே. சரி. அன்னைக்கு யாரோ ஊத்தினாங்கங்கறதுக்கு என்ன சாட்சி? உன் வாய்ச்சொல்தானே?" கோட்டுக்காரர் இதை நான் கட்டிய கதை என்கிறார். ஊற்றியவரே எழுத்தில் கொடுத்தால்தான் பெரியவர் மேல் உள்ள பழி நீங்கும், மறுசோதனையும் என் கையில் இருக்கும் என்கிறார் தலைவர். வெள்ளிக்கிழமை கூட்டம். கோட்டுக்காரரும் வருகிறார்.

என் அண்ணியிடம் அதைக் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பிரார்த்தனை செய்ததை அந்த அறையில் படித்து நாலு பேர் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. பெரியவருக்காக வேறு ஏதாவது வழி பார்க்கிறேன். பொறுப்பு போனால் போகட்டும்.

சின்னவள்


மார்ச் 20

சின்னவளுக்கு,

யாரைக் கேட்டு என் சார்பில் முடிவு செய்தாய்? நீ கேட்கமாட்டாய் என்றால் நான் கொடுக்கமாட்டேன் என்று அர்த்தமா? உங்கள் தலைவருக்கு நேரே அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது அவர் கையில் இருக்கும்.

உன் அண்ணன் குறுக்கே விழுந்தார். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? எழுத்துல குடுத்தா நாளைக்கு ஆலைக்காரன் உன் மேல கேஸ் போடுவான்."

"போடட்டும். நாலு குடுவைக்கு எட்டுக் கரண்டி. கோர்ட்டுலயும் அதையேதான் சொல்லுவேன்."

"எல்லாரும் சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டுங்க. கழுவாத பழியைக் கழுவறவர் தலையில போட்டுட்டு நான் மாடத்து முன்னால எப்படிக் கண்ணை மூடறது?"

கடைசியில் தபால்தலை வாங்கி வந்தது அவர்தான்.

நான் எழுதியதை உனக்கும் காட்ட வேண்டும் அல்லவா? இதோ:

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு வணக்கம். நான் உங்கள் ஆய்வகத்தில் பொறுப்பில் உள்ள பெண்ணின் அண்ணி. குடும்பத்தைக் கவனிப்பவள். மார்ச் 2ஆம் தேதி நீங்கள் கதவருகே வந்து போன பிறகு, என் நாத்தனார் அறையில் இல்லாதபோது, மருந்து கலக்காத நான்கு குடுவைகளில் குடுவைக்கு இரண்டு கரண்டி வீதம் செம்பில் வைத்த தண்ணீரை ஊற்றினேன். அப்போது அறையில் என் கணவரும் குடுவை கழுவுகிறவரும் இருந்தார்கள், இருவரும் பார்க்கவில்லை. மற்ற வரிசைகளில் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. அவை பிழைக்க வேண்டும் என்று பிரார்த்தனை செய்துதான் ஊற்றினேன். அவை செத்தன. என் பிரார்த்தனையில் குறை இல்லை, என் பாத்திரத்தில் குறை இருந்தது என்று உங்கள் சோதனையே சொல்கிறது. இதில் என் நாத்தனாருக்கும் கழுவுகிறவருக்கும் எந்தப் பங்கும் இல்லை. தெரியாமல் செய்தேன், தெரிந்த பிறகு மறைக்க எனக்கு மனம் இல்லை. நேரில் வரச் சொன்னால் வருகிறேன்."

கீழே கையெழுத்துப் போட்டு, விலாசமும் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

மருந்து வரிசையில் நீ கணக்குக்காகச் சாகவிட்டதுகளுக்கு நான் மனம் கலங்கினேன். என் கையால் ஒரு வரிசை காரணமே இல்லாமல் செத்தது. நீ சாகடித்ததற்கு ஒரு ஆறு பிழைக்கும். நான் சாகடித்ததற்கு யார் பிழைத்தார்கள்? இரண்டு நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பு உன்னைக் கேட்ட அந்தக் கேள்வியை இனி கேட்கமாட்டேன்.

அடுப்படித் தண்ணீரில் இருந்ததும் பிழைத்தது என்று குத்திக்காட்டியிருக்கிறாய். அடுப்படியில் நின்றுகொண்டு நான் சும்மாவா இருப்பேன்? வாய் முணுமுணுத்தபடிதான் வேலை செய்வேன். ஆகவே அந்தச் சும்மா வரிசை சும்மா வரிசையே இல்லை. உன் சோதனையில் ஓட்டை.

அண்ணி


ஏப்ரல் 4

என் அண்ணிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உங்களுக்குப் பிடித்த மாதிரி.

கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைவர், நான், கோட்டுக்காரர், அவருடன் வந்த கணக்கர், வீட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட பெரியவர். தலைவர் உங்கள் கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். பிரார்த்தனை என்ற இடம் வந்ததும் அண்ணன் சொன்னபடியே கோட்டுக்காரர் சிரித்தார். கணக்கரும் சிரித்தார், சம்பளத்துக்கு. எனக்குக் காது சுட்டது. தலைவர் நிறுத்தவே இல்லை, உங்கள் விலாசம்வரை படித்து முடித்துவிட்டுத்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு சாமித் தண்ணிக்காகவா சார் இத்தனை பேர் உட்காந்திருக்கோம்?" என்றார் கோட்டுக்காரர்.

தலைவர் சொன்னார்: "எதை ஊத்தினோம், எங்க ஊத்தினோம், எவ்வளவு ஊத்தினோம், அப்ப யார் யார் இருந்தாங்க, எல்லாம் இந்தம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. யாரும் கேக்கக்கூட இல்ல. ஆத்துல நீங்க எவ்வளவு ஊத்தறீங்கன்னு நான் கேட்டு எத்தனை மாசமாச்சு? இன்னும் ஒரு வரி வரல."

அண்ணி, கணக்கர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. "அது எங்க அண்ணி" என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லியும் விட்டேன். "தெரியும், உக்காரு" என்றார் தலைவர்.

பெரியவர் அன்றைக்கே குழாயடிக்குத் திரும்பிவிட்டார். விடுப்பு எடுத்தது போல எழுதியிருந்ததையும் தலைவர் அடித்துத் திருத்திவிட்டார். "உங்க அண்ணிக்கு என் வணக்கம் சொல்லு பாப்பா. ஆனா இனிமே நான் முதுகைக் காட்டிட்டு நிக்கமாட்டேன்" என்றார்.

மறுசோதனையை நானே செய்தேன். சும்மா வரிசையில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒவ்வொன்றும் குதித்தது. மருந்தோ, நாங்கள் நினைத்ததைவிடக் கொடியது. ஆலைக்காரர்கள் ஆபத்தில்லை என்று சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்கிலேயே பாதி செத்துவிட்டது. மீன் குஞ்சுகளை வைத்துச் செய்ய வேண்டிய அடுத்த சோதனையே தேவையில்லை என்று தலைவர் நிறுத்திவிட்டார், இதுவே போதுமாம். அத்தனை குஞ்சுகள் தப்பின. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றியது அதுதான். மருந்தை வடிகட்டி எடுக்காமல் ஆற்றில் ஒரு சொட்டும் விடக்கூடாது என்று அறிக்கையில் எழுதி, கீழே என் கையெழுத்து.

இன்னொன்று. ஆய்வகக் கதவில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பெரியவர் கையெழுத்தில்: "வெளியிலிருந்து எந்தத் தண்ணீரும் உள்ளே கொண்டுவரக் கூடாது. எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும்."

சின்னவள்


ஏப்ரல் 8

சின்னவளுக்கு உன் அண்ணி எழுதுவது.

உன் கடிதத்தை நான் ஒரு தரம் படித்தேன், உன் அண்ணன் இரண்டு தரம் படித்தார், பக்கத்து வீட்டில் எத்தனை தரம் படித்துக் காட்டினார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இந்த முறை அவர் கூட்டிச் சொல்லவில்லை. கூட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

தலைவர் சொன்னதை நான் என் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்காமலே கணக்குச் சொல்வது வீட்டில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். என் பெருமை வேறு. நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் எழுந்து நின்று "அது எங்க அண்ணி" என்று சொன்னாயே, அது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அறிக்கையின் கீழே உன் கையெழுத்து இருக்கிறது என்பது இன்னொன்று. ஒரு ஆறு முழுக்க இருக்கிற உயிர்களுக்காக எங்கள் வீட்டுப் பெண் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பிரார்த்தனையில் எனக்குக் கேட்கக்கூடத் தெரியாத வரம் இது.

மீன் குஞ்சுகள் தப்பியதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் மாடத்தில் விளக்கை ஏற்றினேன்.

பலகையைப் பற்றி உன் அண்ணன், "உன்னால அங்க ஒரு சட்டமே வந்துடுச்சு, வெக்கமா இல்லையா?" என்று கேட்டார். எனக்கு என்ன வெட்கம்? என்னால் ஒரு சட்டம் வந்திருக்கிறது. இனி யார் அண்ணி வந்தாலும் சும்மா வரிசை பிழைக்கும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்த சோதனை எப்போது வைக்கிறாய்? கையை வீசிக்கொண்டு வருகிறேன். பை கொண்டுவரமாட்டேன், எதையும் தொடமாட்டேன், பெரியவர் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பேன். பிரார்த்தனை மட்டும் உள்ளுக்குள் செய்துகொள்வேன். அதைத் தடுக்க அந்தப் பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வரலாமா, கூடாதா? பேருந்துக்கு முன்பதிவு செய்ய வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி